எஸ்கலேட்டரில் கேட்ட பெயர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இது நள்ளிரவில் நடக்கவில்லை. காலை எட்டரை மணி. சியோல் நகரத்தில், தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்துக்கு நடுவில் நடந்தது.

என் பெயர் சோல்-ஹீ. மெட்ரோ ரயிலில் பச்சை லைனிலிருந்து நீல லைனுக்கு மாறும் ஸ்டேஷனில், எங்கள் டீம் லீடர் மா தே-சிக்கைத் தினமும் பார்ப்பேன். மனிதர் ஒரு நாளும் நிதானமாக நடந்ததில்லை. எதிரில் யார் இருந்தாலும் இடித்துத் தள்ளிக்கொண்டுதான் போவார். அன்றும் என்னைத் தாண்டும்போது, "நீ இப்படி நடந்தா பென்ஷன் வாங்குற வயசுலதான் ஆபீஸ் வந்து சேருவே" என்று சொல்லிவிட்டு, நீண்ட எஸ்கலேட்டரில் தடதடவென்று இறங்கினார்.

நான் ஓரமாக நின்றேன். பக்கத்தில் ஒரு இளம்பெண். ஜூலை மாதப் புழுக்கத்தில், கழுத்துவரை பொத்தான் போட்ட தடித்த குளிர்கோட்டு. ஒரு காலில் ஷூ இல்லை. அவ்வளவு நெரிசலிலும் யாரும் அவள்மேல் படவில்லை...

"அக்கா, அவரை உங்களுக்குத் தெரியுமா?"

எங்கள் டீம் லீடர் என்றேன்.

"பேரு என்ன?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். வாயிலிருந்து வெண்புகை வந்தது... பனிக்காலத்தில் வருமே, அப்படி.

கண் சிமிட்டினேன். அவள் இல்லை.

கீழே, இன்னும் பாதிப் படிகளில் இருந்த அவர் முதுகுக்குப் பின்னால், அதே குரல்.

"மா தே-சிக்..."

அவர் திரும்பினார். வெறும் இடத்தைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"மா தே-சிக்..."

பார்த்தபடியே பின்னால் கால் வைத்தார்.

தட்... தட்... தட்...

யாரும் அவரைத் தொடவில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் உயிர் போவதற்கு முன் என்னிடம் முனகினார். "ரயில் போயிடுமேன்னுதான் தள்ளினேன்... அவ செத்துடுவான்னு நினைக்கல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த ஸ்டேஷன் ஊழியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. போன குளிர்காலத்தில் அதே எஸ்கலேட்டரில் ஒரு பெண்ணை யாரோ தள்ளிவிட்டு ரயிலேறிப் போய்விட்டானாம். ஆள் யாரென்று கடைசிவரை தெரியவில்லையாம்.

பிறகு மெல்லச் சொன்னார்.

"கோட்டு போட்ட பொண்ணுதானே? எத்தனையோ பேர்கிட்ட கேட்டுப் பாத்துட்டாம்மா. அவன் பேரு யாருக்கும் தெரியல."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்க சொல்லிட்டீங்க."