எஃப்4 விசையும் மண்டைக்காட்டு அத்தையும்

சென்ற மே மாதம், இரண்டாவது சனிக்கிழமை, கருங்கலில் என் வீட்டில் தொடங்கியது இது. காலை எட்டே கால் என்று என் நாட்குறிப்பு சொல்கிறது.

எங்கள் குடும்ப வரலாற்றை ஐந்து தலைமுறைக்குத் தொகுத்திருந்தேன். ஒவ்வொரு தேதியையும் பத்திரம், ஜாதகம், பழைய கடிதம் என்று மூன்று இடத்தில் ஒத்துப் பார்த்தவன் நான். மறைந்தவர்களின் பெயருக்கு முன்னால் 'அமரர்' சேர்ப்பதுதான் கடைசி வேலை. ஒருமுறை தட்டச்சு செய்துவிட்டு, அடுத்த பெயரின் முன்னால் சொடுக்கி எஃப்4 விசையை அழுத்தினால் போதும். கடைசியாகச் செய்ததைக் கணினி திரும்பச் செய்துவிடும். எல்லாரையும் பத்து நிமிடத்தில் முடித்தேன்.

பிறகு மண்டைக்காட்டு அத்தையின் பிறந்த தேதியில் ஒரு சந்தேகம். அவர் பெயருக்கு முன்னால் சொடுக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கோப்பை மூட ஆல்ட்டையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்தினேன். மூடவில்லை. மறுபடி அழுத்தினேன். சேமிக்கவா என்றது, யோசிக்காமல் ஆம் என்றேன். கோப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் குழுவில் ஏழு 'ஆழ்ந்த இரங்கல்'. முதல்முறை ஆல்ட் சரியாக அமுங்காமல், எஃப்4 மட்டும் வேலை செய்திருக்கிறது. முந்தின நாள்கூட என்னோடு பேசிய அத்தை, அமரர்!

மன்னிப்புக் கேட்டுச் செய்தி போட்டேன். வடசேரிச் சித்தப்பா மட்டும் அதைப் பார்க்கவில்லை. அழைத்தால் சித்தி எடுத்தார். "அவிய போனைக்கூட வச்சிட்டு, மாலையும் வாங்கிட்டு அழுதுக்கிட்டே போயாச்சே!"

அத்தை மகள் கல்யாணத்தில் தாய்மாமனான தன்னை மேடைக்கு அழைக்க மறந்தார்கள் என்று, ஒன்பது வருடமாக அக்கா வீட்டு வாசலை மிதிக்காதவர் சித்தப்பா. இப்போது ஏமாற்றிக் கூப்பிட்டதாக நினைத்தால் இந்த உறவு அதோடு சரி. பைக்கை விரட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா மாலையோடு ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தை திரும்பினார்.

"ஏலே, வந்தியா? மாலை ஆருக்குலே?"

சித்தப்பா கையிலிருந்த மாலையைப் பார்த்தார். "ஒனக்குத்தான்க்கா."

நான் உளறிக்கொட்டி விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பாவின் முகம் இறுகியது. அத்தை கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"அப்பம் கழுத்துல போடுலே. செத்த பொறவு போட்டா நான் பாக்கவா போறேன்?"

சித்தப்பா போட்டார். போட்ட கையை எடுக்காமலே சிரித்தார், அழுதார். அரைமணி நேரம் கழித்து அந்த மாலையோடேயே அத்தை அவருக்குப் புட்டு பரிமாறினார். "மேடை ஒண்ணும் இல்ல, இந்த ஸ்டூலுல இரி," என்றார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. "மக்கா, நீ என்னயக் கொன்னது நல்லதாப் போச்சு. பாரு, எப்பிடித் திங்கான்னு!"

கோப்பிலிருந்து அந்தச் சொல்லை நீக்கிவிட்டேன். ஆனால் மூன்று இடத்தில் சரிபார்த்து நான் எழுதிய தேதிகள் ஒருவரையும் இன்னொருவர் வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை என்பதும், கைதவறி விழுந்த அந்த ஒரு சொல் கூட்டிப் போனது என்பதும், இன்றும் ஒவ்வொரு முறை கோப்பை மூடும்போதும் நினைவுக்கு வந்து என்னைச் சிரிக்க வைக்கிறது.