கோமளா சொன்னதும் நான் அடித்ததும்

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ஒரு லேப்டாப் கடைக்குப் போனோம். என் கையில் ஒரு நோட்டு. அதில் பதினேழு கேள்விகள்.

சிரிக்காதீர்கள். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை மூடினோமா என்று பார்க்க ஸ்டேஷன் வரை போனவன் வீட்டுக்குத் திரும்பி வருவேன். அப்படிப்பட்டவன் லேப்டாப் வாங்கச் சும்மா போவேனா? ரயில் நெரிசலில் திரை உடையுமா? பைக்குள் பேட்டரி சூடானால்? மழையில் நனைந்தால்..? பதினேழாவது கேள்வி — எல்லாமே அழிந்துபோனால்?

லேப்டாப் எனக்கில்லை. என் மனைவி ஜெசிந்தாவுக்கு. கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் பி.ஏ., எம்.ஏ. முடித்தவள், நாற்பத்து மூன்று வயதில் இப்போது முழுநேர ஆராய்ச்சி மாணவி. தினமும் திருநின்றவூரில் ரயிலேறி கல்லூரிக்குப் போகிறாள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வீட்டில் ஒரு பிஎச்.டி., ஒரு ஒன்பது. சராசரி எடுத்தால் பாஸ்தான்.

செம்பரம்பாக்கம் பக்கம் வயல் வேலை பார்த்த பெண்கள், அதே நிலத்தில் எழும்பிய கிடங்குகளில் இப்போது பெட்டி ஒட்டுகிறார்கள். அவர்களைப் பற்றியதுதான் அவளுடைய ஆய்வு. அவள் நேரில் போய்ப் பேசி போனில் பதிவு செய்துகொண்டு வருவாள். அதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது நான். ஸ்டேஷன் அருகே சின்னதாக ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, எல்லாவற்றையும் விட அதிகமாக... மனு.

கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. என் ஆறாவது கேள்வி வரைக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள். ஏழாவதில், "சார், இதுக்கு வாரன்ட்டி கீது சார்" என்றாள். எட்டாவதுக்கும் அதையேதான் சொன்னாள்.

ஜெசி என் நோட்டை மூடிவிட்டு அவளிடம் கேட்டாள். "ஏம்மா, பேசினா அதுவே தமிழ்ல டைப் அடிக்குமா?"

"அடிக்கும் மேடம். எழுதுற சாஃப்ட்வேர்லயே வருது."

எனக்குச் சுருக்கென்றது. "நான்தான் அடிச்சித் தரேனே?"

"நீங்களே எவ்ளோதான் அடிப்பீங்க? முகூர்த்த சீசன்ல கண்ணு எரியுது, கண்ணு எரியுதுன்னு புலம்புறீங்க இல்ல?"

அக்கறையாகத்தான் சொன்னாள். ஆனால் என் மண்டைக்குள் அந்த நேரத்தில் என்ன ஓடியது தெரியுமா? இவள் படிப்பில் எனக்கென்று இருந்த ஒரே நாற்காலியையும் இந்த மெஷின் எடுத்துக்கொள்ளப் போகிறது. சில்லறைக் கவலைதான். பெரிய கவலை அடுத்த நிமிடம் வந்தது.

"டெஸ்ட் பண்ணிப் பாருங்க மேடம், ஏதாவது பேசுங்க" என்றாள் கடைப் பெண்.

ஜெசி பேசவில்லை. தன் போனை எடுத்து, பதிவுகளில் ஒன்றைத் தட்டி, லேப்டாப் பக்கத்தில் வைத்தாள். கோமளாவின் குரல்.

கோமளா ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டுகிறவர். (இது மாற்றிய பெயர்தான். வேறு எந்த விவரமும் தர மாட்டேன்.) கடையின் இரைச்சலையும் தாண்டி அந்தக் குரல் கணீரென்று வந்தது.

"நாத்து நட்ட எடத்துலயே பொட்டி ஒட்டினுகீறேன் தாயி. அப்போ குனிஞ்சினே இருந்தேன், இப்போ நின்னுகினே கீறேன். பாத்ரூம் போனாக்கூட டைமு பாக்குறான் அந்த சூப்பர்வைசரு, கய்தே. அவனுக்கு பயந்துகினு காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல. எனக்கு மட்டுமில்ல, அங்க கீற எல்லா பொம்பளைக்கும் நீர்க்கடுப்பு."

மெஷின் பாதியை விழுங்கியது. மீதியைத் திரையில் துப்பியது. ஆனால் பாத்ரூமும், தண்ணீரும், நீர்க்கடுப்பும் தெளிவாக விழுந்திருந்தன.

ஜெசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இது நீங்க அடிச்சிக் குடுத்ததுல இல்லயே."

இல்லைதான். நான் அடித்துக் கொடுத்த தாளில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பது எனக்கு மனப்பாடம். "முன்பு விவசாயக் கூலியாக இருந்தேன். தற்போது கிடங்கில் பணிபுரிகிறேன். பணியில் சில சிரமங்கள் உள்ளன."

சில சிரமங்கள்.

லேப்டாப் வாங்காமலே வெளியே வந்தோம். கடைப் பெண் என் நோட்டை எடுத்துக்கொண்டு வாசல் வரை ஓடி வந்து கொடுத்தாள்.

ஆவடி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு ரயில் வந்து போனது. ஏறவில்லை.

"எத்தினி எடத்துல இப்டி பண்ண?" என்றாள். 'ங்க' காணாமல் போயிருந்தது. இருபது வருடக் குடும்பத்தில் மூன்றாவது முறை.

"பதினோரு பேர்ல... எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம்."

"ஏன்?"

"கேஸு கீஸு ஆயிட்டா? கம்பெனிக்காரன் படிச்சிட்டு அந்தம்மாவ வேலைய விட்டுத் தூக்கிட்டா? உன்னக் கூப்ட்டு விசாரிச்சா?"

"பேர மாத்தித்தான எழுதறேன்? கம்பெனி பேரு போடல, ஊரு போடல. அதுக்குன்னு ரூல் கீது. அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிகினுதான் ரெகார்டே பண்றேன். கோமளாக்கா இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'நாலு பேரு வந்து எழுதிகினு போனாங்க, ஒருத்தரும் நான் சொன்னத எழுதல. நீயாவது அப்டியே எழுது தாயி'ன்னுச்சு. நானும் சரின்னேன்."

நான் கையிலிருந்த நோட்டைச் சுருட்டினேன். அவள் நிறுத்தவில்லை.

"கைடு மேடம் போன மாசமே கேட்டாங்க. 'என்ன ஜெசிந்தா, எல்லாப் பொம்பளைங்களும் ஒரே மாதிரி பேசறாங்க, ஒருத்திக்குக்கூட கோவம் வரலயா?'ன்னு. நேர்ல கேட்டப்போ கோவமாத்தான இருந்தாங்கன்னு எனக்கு ஞாபகம். உன் பேப்பர்ல அது இல்ல. சரி, நாமதான் ஒழுங்கா கேக்கல போல, இந்த வயசுல இதெல்லாம் நமக்கு வராது போலன்னு... என்னயே சந்தேகப்பட்டுகினு இருந்தேன்யா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கோமளாவின் கோபத்தை மட்டும் எடுக்கவில்லை. என் மனைவியின் காதுமேல் அவளுக்கிருந்த நம்பிக்கையையும் சேர்த்து எடுத்திருக்கிறேன்.

ஏன் செய்தேன்? அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கடைக்கு மனு எழுத வருகிறவர்கள் எப்படி வருவார்கள் தெரியுமா? கொதித்துப் போய் வருவார்கள். "அந்தாளு என் எடத்துல செவுரு வச்சிட்டான்ணே, போய்க் கேட்டா அடிக்க வரான்" என்று கையை ஆட்டிச் சொல்வார்கள். நான் அடிப்பேன்: 'மேற்படி நபர் எனது இடத்தில் சுவர் எழுப்பியுள்ளார். தாங்கள் நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அவர்களும் படித்துப் பார்த்துவிட்டு, "சூப்பரா கீதுண்ணே" என்று வாங்கிப் போவார்கள். கோபமாக வந்தவர்களைப் பணிவாக அனுப்பிவைப்பதுதான் என் தொழில். இத்தனை வருடத்தில் விரல்கள் அதற்குப் பழகிவிட்டன. காதில் கோபம் விழுந்தால் கை தானாகவே பணிவை அடிக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கிறது. பாதியில் படிப்பை விட்டவனுக்குத் தாள் என்றாலே ஒரு உதறல். வாயால் சொன்னதை இல்லை என்று சொல்லிவிடலாம். தாளில் ஏறியதை? நாளைக்கு எந்த ஆபீஸில், எந்த மேஜையில், யார் அதை நம் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எழுத்தென்று வந்தாலே ஒடுங்கிக்கொள்வது. நான் ஒடுங்கினால் அது என் பாடு. கோமளாவை அவருக்கே தெரியாமல் ஒடுக்க நான் யார்?

அவர் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தார். அதை வெளியே சொல்லத் தைரியமும் இருந்தது. தைரியம் இல்லாதவன் நடுவில் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஜெசி தன் கைடுக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமை கொடுக்க வேண்டிய அத்தியாயத்துக்கு மூன்று வாரம் அவகாசம் கேட்டாள். காரணம் கேட்டிருக்கிறார்கள். டைப் அடித்தவர் தப்பு என்று சொல்லியிருந்தால் அது முழு உண்மை. நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெகார்டிங்கோட வச்சு நான் செக் பண்ணல மேடம். என் தப்பு" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை அதே கடைக்குப் போய் அவளே லேப்டாப்பை வாங்கி வந்தாள். என் நோட்டு போகவில்லை. ரயிலில் தோளில் மாட்ட வசதியாக எடை குறைவு, அவ்வளவுதான் அவள் பார்த்தது. எழுதும் மென்பொருளுக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாளாம். வருடா வருடம் காசு கட்டுகிற ஒன்று, இலவசமாகக் கிடைக்கிற ஒன்று. அழகான எழுத்து, அகராதி, அதுவே வாக்கியம் அமைத்துத் தருவது என்று அந்தப் பெண் என்னென்னவோ காட்டியிருக்கிறாள். ஜெசி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்.

"யாராவது ஒரு வார்த்தைய எடுத்தா, யார் எடுத்தாங்கன்னு காட்டுமா?"

இலவசத்திலேயே அது இருந்தது.

மெஷினுக்குக் கோமளா பேச்சு பாதிதான் பிடிபடுகிறது. மற்றவர்களின் பதிவுகளில் பின்னால் லாரி சத்தம், கன்வேயர் சத்தம். அதற்குச் சுத்தமாகப் புரியவில்லை. ஜெசி இரண்டு நாள் முயன்று பார்த்தாள். பிறகு ஹெட்போனை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"கேக்கறத அடிங்க. நெனைக்கறத அடிக்காதீங்க."

'ங்க' திரும்பி வந்திருந்தது. நாற்காலியும்.

முதலில் கோமளாவையே எடுத்தேன். நாற்று, பெட்டி, பாத்ரூம், தண்ணீர், நீர்க்கடுப்பு... எல்லாம் அப்படியே. சூப்பர்வைசரைத் திட்டிய அந்தக் 'கய்தே' வந்தபோது மட்டும் விரல் கேட்கவில்லை. பழக்க தோஷம், அழித்துவிட்டேன். திரையில் அந்தச் சொல் மறையவில்லை. சிவப்பாகி, நடுவில் ஒரு கோடு விழுந்து, ஓரத்தில் என் பெயர் வந்து நின்றது. ஸ்கூலில் எழுந்து நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது.

திருப்பி வைத்துவிட்டேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால்... இல்லை. மூன்று பேர் முடிந்தது, இன்னும் எட்டுப் பேர் பாக்கி. ஒவ்வொருவரிடமும் ஒரு இடத்திலாவது விரல் நின்று நின்றுதான் போகிறது. ஆனால் போகிறது.

இந்தப் பத்தியையும் அதே மென்பொருளில்தான் அடித்தேன். என் மானம் போகிற நாலைந்து இடங்களை ஜெசி பார்த்துக் கொஞ்சம் மென்மையாக்கித் தருவாள் என்று நம்பி அவளிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஓரத்தில் தேடிப் பார்த்தேன். எங்கேயும் அவள் பெயர் இல்லை.