வெறும் நெற்றியோடு விசாரணைக்கு

காலை ஆறரை மணிக்கு அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பெரியார் பேருந்து நிலையத்துக்கு இருபது ரூபாய். விமான நிலையத்தில் இரவு முழுக்கத் தரை துடைத்துவிட்டு வீடு திரும்பும் இரண்டு பெண்கள் எதிர் இருக்கையில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு முந்தின இரவு தூக்கமில்லை.

போகிற இடம் பேரையூர்ப் பக்கம் என் சொந்த ஊர். மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஊரின் பெயரை எழுதவில்லை. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். மாதம் ஒரு முறை போய்வருகிற பாதைதான். அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். லேத் பட்டறை ஒன்றில் பில் போட்டுக்கொண்டே படித்து, பட்டியலினத்தவர் ஒதுக்கீட்டில் தேர்வு எழுதி, அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வானேன். தேர்வு எழுதியபோது நான் இந்து. முடிவு வர ரொம்ப நாளானது. அந்தக் காத்திருப்பில்தான் அவனியாபுரத்தில் ஒரு சின்னச் சபைக்குப் போகத் தொடங்கி, போன பங்குனியில் ஞானஸ்நானம் எடுத்தேன். எங்கள் சாதியில் ஒருவர் கிறிஸ்தவரானால் சட்டப்படி அவர் பட்டியலினத்தில் வரமாட்டார். பிற்படுத்தப்பட்டோர் கணக்குக்குப் போய்விடுவார். ஊரில் அப்படி எதுவும் மாறுவதில்லை. முழுக்கு எடுத்த மறுவாரம் போய்ப் பார்த்தேன், எங்கள் தெரு அதே ஒதுக்குப்புறத்தில்தான் இருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம். பணி ஆணைக்கு முன்னால், சாதிச் சான்று சரிதானா என்று வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். அந்த விசாரணை அன்று பதினோரு மணிக்கு.

போதகரிடம் கேட்டிருந்தேன். "ஜெபம் பண்ணுங்க தம்பி, கர்த்தர் வழி காட்டுவார்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் சபையில் பாதிப் பேர் காகிதத்தில் இந்துக்கள்.

ஏழு மணிக்குப் பெரியார் நிலையத்தில் வேலு அண்ணன் காத்திருந்தார். வேலு என்பது நான் இங்கே அவருக்கு வைக்கும் பெயர். சபையில் கிதார் வாசிப்பவர். பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவர், சான்றிதழில் இந்து, அந்தச் சான்றிதழில்தான் அரசு வேலை. துணைக்கு வருகிறேன் என்று அவராகவே விடுப்பு எடுத்து வந்திருந்தார். திருமங்கலம் போகும் டவுன் பஸ்ஸில் கடைசி இருக்கை கிடைத்தது.

"என்ன சொல்லப்போற மாப்ள?"

"தெரியலண்ணே."

"தெரியலையா? எம்புட்டு நாளா தலையில அடிச்சுச் சொல்றேன். பேப்பர் வேற, விசுவாசம் வேற. அவுக கேக்குறது பேப்பர. நீ பேப்பருக்குப் பதில் சொல்லிட்டு வா."

"என்னையத்தானண்ணே கேப்பாங்க?"

"உன்னைய யாருடா கேக்கப்போறா? பேப்பர்ல இருக்குற மாரிச்சாமி, தகப்பன் பேரு, தெரு, சாதி. அவனைய கேப்பாங்க. என்னையப் பாரு. அஞ்சு நாளு ஆபீஸ்ல இந்து. ஞாயித்துக்கெழம கிறிஸ்தவன்."

"சனிக்கெழம?"

"சனிக்கெழம துணி துவைப்பேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். திருப்பரங்குன்றம் தாண்டும் வரை சிரிப்பு இருந்தது. கப்பலூர் வந்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தணித்துச் சொன்னார்: "எங்க முழுக்கு எடுத்தன்னு கேப்பாங்க. சபை பேரு வரும். அங்க யாரு யாரு வர்றாங்கன்னு அடுத்த கேள்வி வரும். எம் மக இப்பத்தான் ஏழாப்பு படிக்குது மாப்ள." அப்போதுதான் அவர் யாருக்குத் துணையாக வந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

எட்டேகாலுக்குத் திருமங்கலம். பேரையூர் பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் வேலு அண்ணன் மணிபர்சிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். உள்ளே திருநீறு. அங்கே நின்றிருந்த ஒரு பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்து, பழகிய கையால் ஒரே இழுப்பில் பூசிக்கொண்டார். என் பக்கம் நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் வற்புறுத்தவில்லை. காகிதத்தை அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்தார்.

பேரையூருக்கு டிக்கெட் முப்பது ரூபாய். டி.கல்லுப்பட்டி சாலையில் ஆடிக் காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல், மழை இல்லாமல் வெடித்துக் கிடந்தது. சீமைக்கருவேலத்துக்கு மட்டும் குறைவில்லை. தூரத்தில் மேற்கு மலை புழுதிக்குள் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருக்குத் தம்பி?"

சொன்னேன்.

"அட, நம்ம பக்கந்தான். யாரு மகன்? எந்தத் தெரு?"

தெருவையும் சொன்னேன். "அப்பிடியா" என்றவர், என் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்த தன் முழங்காலை நிதானமாக இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேரையூர் வரை பேசவில்லை. நான் எந்தச் சாமியைக் கும்பிடுகிறேன் என்று அவர் கேட்கவேயில்லை.

கண்ணை மூடி ஜெபிக்கப் பார்த்தேன். வேலை போய்விடும் என்பது ஒரு பயம். பொய் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எப்படி முழங்கால் போடுவது என்பது இன்னொன்று. இவை இரண்டையும்விடப் பெரிதாக ஒன்று உள்ளே கிடந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் துடிப்பது கீழ்ப்படிதல்தானா, இல்லை புதிதாக வந்தவனின் வீம்பா? கர்த்தர் என்னைச் சோதிக்கிறாரா, நான் அவரைச் சோதிக்கிறேனா? கேட்டுச் சொல்ல ஆளில்லை.

பேரையூரில் மினி பஸ் மாறி, பத்து மணிக்கு ஊர். அம்மா வாசலைக் கழுவிவிட்டு, இருக்கிற ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார். அம்மா முழுக்கு எடுக்கவில்லை. அவருக்குக் கருப்பசாமிதான். நான் எடுத்தது தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. வேலு அண்ணனின் நெற்றியைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் தெளிந்தது. "வாங்க தம்பி, உக்காருங்க. நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க" என்றவர், உள்ளே போய்த் திருநீற்றுத் தட்டோடு வந்தார்.

"நெத்தியக் காட்டு."

என் தலை தானாகப் பின்னால் போனது. அம்மாவின் விரல் காற்றில் நின்றது.

"ஒரு விரலு வச்சுக்கய்யா. விசாரிக்க வர்ற அந்தம்மா போனதும் அழிச்சுக்க. இதுக்குப் போயி உன் சாமிக்கு அம்புட்டுமா கோவம் வரும்?"

பிரசங்கங்களில் கேட்ட எதுவும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. "வேணாம்மா" என்று மட்டும் சொன்னேன். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த விரலைத் தன் நெற்றியிலேயே துடைத்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு ஆய்வாளர் வந்தார். நாற்பது வயதுப் பெண். ஸ்கூட்டரில் புழுதிக்காக முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக் கேட்கத் தொடங்கினார். குலதெய்வம் எது, திருவிழாவுக்கு வரி கொடுக்கிறீர்களா, கல்யாணம் எந்த முறையில், சாவு என்றால் புதைப்பதா எரிப்பதா. அம்மா எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆமாம் போட்டார். வேலு அண்ணன் வேப்பமரத்தடியில் போனைப் பார்ப்பதுபோல் நின்றிருந்தார்.

"தம்பியும் அப்பிடித்தானே?" என்று ஆய்வாளர் நிமிராமலே கேட்டார். பேனா அடுத்த வரிக்குப் போய்விட்டது.

தலையாட்டினால் போதும். ஆட்டக்கூட வேண்டாம், சும்மா நின்றால் போதும். அம்மா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"நான் ஞானஸ்நானம் எடுத்திருக்கேன் மேடம்."

"என்னது?"

குரல் அவ்வளவு சன்னமாக வந்திருக்கிறது. இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. சொன்னேன்.

பேனா நின்றது. "தம்பி, எழுதிட்டா அழிக்க முடியாது. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமா மேடம்."

"எப்ப எடுத்தீங்க?"

"போன பங்குனியில. பரீட்சை எழுதுனதுக்குப் பெறகு."

"அதையும் சேத்து எழுதுறேன். முடிவு மேலதான் எடுப்பாங்க. ஆனா ரொம்ப நம்பிக்கை வச்சுக்காதீங்க." கோபமோ கேலியோ அவர் குரலில் இல்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஆய்வாளர் எழுதி முடித்து, மூடியைப் போட்டுவிட்டு, மரத்தடியைப் பார்த்தார்.

"அவரு யாரு? உங்க சபையா?"

ஆமாம் என்றால் அண்ணன் வீட்டில் அடுப்பு அணையும். இல்லை என்றால் சற்று முன்னால் நான் சொன்னதற்கு என்ன பொருள்? வாய் திறப்பதற்குள் வேலு அண்ணன் முன்னால் வந்துவிட்டார்.

"இல்ல மேடம். நான் பட்டறையில கூட வேல பாக்குறவன். சர்ச்சுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல."

ஆய்வாளர் அவர் நெற்றியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

அந்தக் கணத்தில் எனக்குள் நடந்ததை இதைப் படிப்பவர்களிடம் மறைக்க விரும்பவில்லை. அவர் அந்தப் பொய்யைச் சொன்னதும் எனக்கு நெஞ்சு லேசானது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நீதியின் பக்கம் நின்றவன், அடுத்தவர் சொன்ன பொய்யில் இளைப்பாறினேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. என்னைக் கர்த்தர் எந்த இடத்தில் சோதித்தார், அதில் நான் தேறினேனா என்பதே இப்போது தெரியாமல் போய்விட்டது.

வேலு அண்ணன் சாப்பிடவில்லை. அம்மாவிடம் "வாரேன்மா" என்று சொல்லிவிட்டு மினி பஸ்ஸுக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல." நடந்துகொண்டே கைக்குட்டையால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். "உனக்கு ஒரு வேலதான் போச்சு மாப்ள. எனக்கு இன்னைக்கு என்ன போச்சுன்னு உனக்குத் தெரியாது."

பிறகு அவர் சபைக்கு வரவில்லை.

வீட்டில் அம்மா சோறு போட்டார். அவர் சாப்பிடவில்லை. "சித்தாளு வேலைக்குப் போயி இந்தத் தோளு ரெண்டும் காச்சுப்போச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "பயலுக்கு ஆபீஸ் வேலைன்னு நேத்துத்தான் கடைக்காரர்ட்டகூடச் சொன்னேன்." என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலரைக்கு மினி பஸ். அம்மா நிறுத்தம் வரை வந்தார். காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அம்மா கீழே நின்றபடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியக் கேட்டார்:

"உன் சாமி உன்னையப் பாத்துக்கிருமா?"

இடக்காகக் கேட்கவில்லை. பிள்ளையை வேலைக்கு விடுகிற இடத்தில், முதலாளி நல்லவரா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

"பாத்துக்கிரும்மா" என்றேன்.

பஸ் கிளம்பியது. ஆய்வாளரிடம் ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அம்மாவிடம் இதைச் சொல்ல ஒரு நொடி ஆகவில்லை. அத்தனை வேகமாக வந்தது விசுவாசமா, அழுகிற அம்மாவைத் தேற்ற வாய்க்கு வந்ததா? பேரையூரில் பஸ் மாறி, கல்லுப்பட்டி தாண்டி, திருமங்கலம் விளக்குகள் தெரியும் வரை கேட்டுப் பார்த்தேன். இதை எழுதும் இன்றைக்கும் மேலிடத்திலிருந்து தகவல் வரவில்லை. பட்டறையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. பஸ் வளைவில் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்தபோது இருந்த தளர்ச்சி இல்லாமல், வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார்.