ரோஸ் முழித்த முகம்

ரோஸ் ஒரு சேவல். இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை. தீபத் திருவிழாக் கூட்டத்தில் ரோட்டோரம் அட்டைப்பெட்டி நிறைய சாயம் பூசிய குஞ்சுகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பச்சை, மஞ்சள், ரோஸ். நான் நடுரோட்டில் உட்கார்ந்து அடம்பிடித்து வாங்கியது ரோஸ். சாயம் போட்ட குஞ்சு வாரம்கூடத் தாங்காது என்று அம்மா சொன்னாள். சாயம்தான் தாங்கவில்லை. குஞ்சு வெளுத்து, குண்டாகி, கொண்டை வைத்து, ஒருநாள் தொண்டை கிழியக் கூவியது. அது ஆண் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் ரோஸ் என்று கூப்பிட்டால் ஓடிவரப் பழகியிருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு வேங்கிக்காலில், அப்போதுதான் பிளாட் போட்டு விற்ற இடத்தில் இருந்தது. முன்னால் கலெக்டர் ஆபீஸ் போகிற வண்டிச் சத்தம். பின்னால் வேலிகாத்தான் முள், அதற்கப்பால் மலை. பகலெல்லாம் ரோஸ் தெருவை ஒரு சுற்று பார்த்துவிட்டு வரும். இருட்டியதும் அதை மூங்கில் கூடையில் கவிழ்த்து, கூடை மேல் ஒரு கருங்கல்லைத் தூக்கி வைக்க வேண்டும். பகலில் அந்தக் கல் சுவரோரம் கிடக்கும். என்னால் அதை அசைக்கக்கூட முடியாது. அம்மாவுக்கு இடுப்பு வலி. அதனால் கல் வைப்பது சித்தப்பாவின் பொறுப்பு. டிகிரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு அப்போதைக்கு இருந்த ஒரே வேலை அதுதான் என்று அப்பா அவர் காதுபடவே சொல்வார்.

ஒருநாள் விடியும்போது எனக்குத்தான் முதலில் விழிப்பு வந்தது. பின்கதவைத் திறந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று நின்றது. நாய் என்று நினைத்தேன். நாய் என்றால் வாலாட்டும், இல்லை குரைக்கும். இது சும்மா பார்த்தது. வாயில் ரோஸ், கழுத்து தொங்கியபடி. பிறகு அவசரமே இல்லாமல் திரும்பி முள்ளுக்குள் நுழைந்து போய்விட்டது. நான் கத்தக்கூட இல்லை. கூடை உருண்டு கிடந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளை இறகு. சுவரோரம் உட்கார்ந்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். பின்னாலேயே சித்தப்பா. நான் விக்கிக்கொண்டே சொன்னதைக் கேட்டார். கூடையைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். திடீரென்று கையைத் தட்டினார்.

"பாப்பா, அது நாய் இல்ல, நரி. நீ நரி முகத்துல முழிச்சிருக்க. எவனுக்குக் கிடைக்கும் இது? இனிமே பாரு, உனக்கு யோகம்தான்."

யாருக்காவது நல்லது நடந்தால் நரி முகத்தில் முழித்தான் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒருத்தரும் நரியைப் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் அந்தப் பெருமை எனக்குத்தான். ராகுகாலம் பார்க்கும் அம்மாவை எப்போதும் கிண்டலடிக்கிற சித்தப்பா, அன்றைக்கு வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா யூனிஃபார்மோடு ஓடிவந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "ஏய், என்னை நல்லா பாருடி. இன்னைக்கு கெமிஸ்ட்ரி."

காய்கறி வண்டிக்காரர் முதல் போணி என் கையால்தான் ஆக வேண்டும் என்று ஒரு தக்காளியைத் தந்தார். எதிர்வீட்டு ஆன்ட்டி என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழுவாத கண்ணு. வந்த அதிர்ஷ்டம் அழுதா போயிடும்."

ஆக, அழுவதற்கும் தடை. இறகையெல்லாம் அம்மா கூட்டி அள்ளிவிட்டாள். என் முகத்தைப் பார்க்கத் தெருவே வந்தது. ரோஸைப் பற்றி ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்குச் சித்தப்பாவுக்கு டவுனில் ஒரு பைக் ஷோரூமில் இன்டர்வியூ. கிளம்பும்போது அம்மா என்னை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். தெருவே பார்த்த முகத்தை அவர் பார்க்கவில்லை. குனிந்து ஷூ லேஸை இறுக்கிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

வேலை கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பாய் கடையிலிருந்து சிக்கன் பிரியாணி வாங்கி வந்தார். பொய் சொல்ல மாட்டேன், நானும் நன்றாகவே சாப்பிட்டேன். "எல்லாம் பாப்பா நரி முகத்துல முழிச்ச நேரம்டா" என்று அப்பா தம்பியின் தோளைத் தட்டினார். எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்தது. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன்.

"ரோஸும் அது முகத்துலதானேப்பா முழிச்சுது?"

"இது இன்னாடி, வக்கீல் மாதிரி" என்று அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சித்தப்பா கையிலிருந்த லெக் பீஸைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். கை கழுவும் இடத்தில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. பிரியாணி காரம் என்றார். நான் காரமில்லையே என்று சொல்லிவிட்டு அந்த லெக் பீஸை எடுத்துக்கொண்டேன்.

முதல் சம்பளத்தில் எனக்கு ஸ்கேட்டிங் ஷூ வரும் என்று காத்திருந்தால், சித்தப்பா ஒரு இரும்புக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கனமான கதவு, பெரிய தாழ்ப்பாள். உள்ளே விட எங்களிடம் கோழியே இல்லை. "இந்த ஆளுக்கு அறிவே இல்ல" என்று நான் அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அவரோ தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்து, இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் நரி வந்த அன்றைக்குக் காலையில் எல்லாம் என் கண்ணெதிரில்தான் இருந்தது. ராத்திரி முழுக்கக் கூடை மேல் இருந்திருக்க வேண்டிய கல், சுவரோரம் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்துதான் நான் அழுதுகொண்டிருந்தேன்.