பரமேஸ் அக்கா தேடிக் கொடுத்த தம்பி

பரமேஸ் அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் சுகந்தி தொலைபேசியில் சொன்னபோது, நான் சூரிச் போகும் ரயிலுக்காக ஓல்ட்டன் நிலையத்தில் நின்றிருந்தேன். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் நித்திரையிலேயே போய்விட்டாராம். நான் எதிர்ப்பக்க மேடைக்குப் போய் லாங்கன்தால் ரயிலில் ஏறினேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

லாங்கன்தால் தமிழருக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. யாருடைய வீட்டு விசேஷமென்றாலும் கேளாமலே சமையலறைக்குள் நுழைந்து, உப்புப் போதாது என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறவர். அதனால் அவரோடு கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் எண்பதுகளில் அவர் செய்த ஒரு காரியம் உங்களில் பலருக்குத் தெரியாது. அவர் அதை வெளியில் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் இருவரும் இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தோம். இருவருடைய அகதி விண்ணப்பத்துக்கும் முடிவு வரவில்லை. வகுப்புக்குப் போய் எனக்கு ஓரளவு ஜெர்மன் வந்திருந்தது. அக்காவுக்குச் சில சொற்கள்தான். எங்களோடு உருளைக்கிழங்கு உரித்தவர் ஹன்னி என்ற சுவிஸ் பெண்மணி. பென்ஷனை நெருங்கிய வயது, கல்யாணம் செய்யாதவர், வாய் திறப்பது அபூர்வம்.

ஒருநாள் அக்கா, "இவவுக்குக் கூடப் பிறந்தவை ஆரும் இருக்கினமோ எண்டு கேளும்" என்றார். நான் கேட்டேன். ஹன்னி கத்தியைக் கீழே வைத்தார்.

முந்தி இந்த நாட்டில் ஏழைகளின் பிள்ளைகளை ஊர்நிர்வாகமே பிரித்தெடுத்துப் பண்ணைகளில் வேலைக்கு விடும் வழக்கம் இருந்தது. தகப்பன் செத்ததும் ஹன்னியையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போகாத வயது. தம்பி பவுலை வேறொருவர் கூட்டிப்போனார். தாய் இறந்துவிட்டாள் என்று பண்ணைக்காரர் சிறிது காலத்தில் சொன்னார். அதற்கு மேல் ஹன்னிக்கு ஒன்றும் தெரியாது.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் அக்கா சொன்னார்: "எங்கடை ஊர் மாதிரி இந்த நாட்டிலை ஒரு கந்தோரும் எரியேல்லை. எழுதி வைச்சது எங்கையோ இருக்கும். ஏன் இவ தேடேல்லை?"

அந்த ஊர்நிர்வாகக் கந்தோரின் வாசலை மிதிக்கப் பயம் என்றார் ஹன்னி. தன்னைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தானே என்றார். அக்கா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அகதி விசாரணைக்குக் கூப்பிட்டால் அக்காவும் கந்தோர் வாசல்வரை என் கையை விடமாட்டார். கிழங்கு முழுவதும் உரித்து முடிந்த பிறகு, "மூண்டு பேருமாப் போவம். மூண்டு பேரையும் பிடிச்சுக் குடுக்கேலாதுதானே" என்றார். அதை ஜெர்மனில் சொன்னபோது ஹன்னி சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

ஊர்க் கந்தோரில் இருந்தவர் நல்ல மனிதர். பழைய குடிசன மதிப்புத் தாள்கள் பேர்ண் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, சொந்தக் குடும்பத்தைத் தேடுகிறவர் பார்க்கலாம் என்றார். ஒரு விடுமுறை நாளில் அங்கே போனோம். ஒரு வீட்டுக்கு ஒரு தாள். ஹன்னியின் வீட்டுத் தாளில் தாய், தகப்பன், ஹன்னி, பவுல் என்று நான்கு பெயர்கள். ஹன்னி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த கணக்கெடுப்பிலும் அதே வீட்டுத் தாளை எடுத்துத் தந்தார்கள். அதில் தாயின் பெயர் மட்டும் இருந்தது.

அந்தக் கணக்கு எடுத்தபோது ஹன்னி வளர்ந்த பெண். தாய் இறந்துவிட்டாள் என்று பண்ணைக்காரர் சொல்லிப் பல வருடங்களாகிவிட்டன. பண்ணைக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் ஒரு குன்றுதான். தாய் அங்கேயே இருந்திருக்கிறாள், தனியாக. ஹன்னி அழவில்லை. தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்றார். இனித் தேட வேண்டாம் என்று ரயிலில் சொன்னார்.

ஹன்னி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோதுதான் அக்கா தன் தம்பியைப் பற்றி என்னிடம் சொன்னார். குணரத்தினம் கொழும்பில் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. "அதுக்கு முதல் எடுத்த குடிசன மதிப்பிலை அவன்ரை பேர் இருக்கு. நான்தான் வாசலிலை நிண்டு சொன்னனான். அதுக்குப் பிறகு எங்கை தேடுறது, சொல்லும்? இவவுக்குத் தேட இடம் இருக்கு. விடக்கூடாது."

பவுலைக் கூட்டிப்போன மனிதர் பேசியது தனக்கு விளங்கவில்லை என்று ஹன்னி முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். அப்படியென்றால் பிரெஞ்சுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அக்கா பிடித்துக்கொண்டார். அக்கா விடாமல் கேட்டதில் ஹன்னியும் கடைசியில் எங்களோடு வரச் சம்மதித்தார். அதே காப்பகத்தில் பிரெஞ்சு பேசும் ஊர்களின் தாள்களைக் கேட்டு வாங்கினோம். ஓய்வு நாட்களெல்லாம் அதிலேயே போயின. சொந்தக் கஷ்டம் போதாதென்று வெள்ளைக்காரிக்கு ஆள் தேடுகிறீர்களா என்று நம்மவர்களே கேலி செய்தார்கள். ஹன்னியின் குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டிப் பழகியிருந்த அக்காதான் ஒரு மத்தியானம் ஒரு தாளில் விரலை வைத்தார். ஜூரா மலைப்பக்கத்துப் பண்ணை ஒன்றில், வேலைக்கு விடப்பட்ட பிள்ளையாகப் பவுல் இருந்தார். அந்த ஊர்க் கந்தோரில் கேட்டபோது, அவர் பீல் நகரத்துக்குக் குடிபெயர்ந்ததாகச் சொன்னார்கள்.

நான் பவுலின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த மனைவி, தன் கணவருக்குச் சகோதரி யாரும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். ஹன்னி தலையை ஆட்டிவிட்டுக் கிழங்கை எடுத்தார். "அவர் தன்ரை வாயாலை சொல்லேல்லைத்தானே. போய்க் கேப்பம்" என்றார் அக்கா.

பீலில் கதவைத் திறந்தவர் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வை எதிர்பார்த்திருந்த ஒரு மெலிந்த மனிதர். என்ன வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டார். ஹன்னி பதிலாகத் தாயின் பெயரை மட்டும் சொன்னார். அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஹன்னி செத்துப்போனாள் என்று அவருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். அவருக்கு ஜெர்மன் முழுவதும் மறந்துவிட்டது. ஹன்னிக்குப் பிரெஞ்சு தெரியாது. மனைவி கொஞ்ச நேரம் மொழிபெயர்த்துவிட்டுக் கோப்பி போட எழுந்து போனார். அக்கா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். கதைக்கப் பாஷை இல்லாமல் இருவரையும் விட்டுவிட்டு வந்தோமே என்று நான் பதறினேன்.

"கதை பிறகு வரும். இப்ப பக்கத்திலை இருக்கட்டும்" என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பவுல் லாங்கன்தாலுக்கு வரத் தொடங்கினார். ஹன்னி காலமாகும்வரை அது நிற்கவில்லை. அக்காவின் வீட்டில் புட்டும் சாப்பிட்டார்கள். உறைப்பில் இருவருக்கும் கண்ணீர் வந்தது. அக்காவின் சொந்தத் தேடலுக்கு மட்டும் ஒரு விடையும் வரவில்லை. ஆனால் கூடப் பிறந்தவர்கள் பற்றி யாராவது கேட்டால், "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்" என்றுதான் கடைசிவரை சொன்னார்.

போன கிழமை சுகந்தியும் நானும் மரண அறிவித்தல் எழுத உட்கார்ந்தோம். சகோதரரின் பெயர் வரும் இடத்தில் அவள் நிறுத்தினாள். "மாமாவின்ரை பேருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு போடுறதோ, அன்ரி?" என்று கேட்டாள். மாமாவை அவள் கண்டதே இல்லை. இத்தனை வருடம் கழித்து அது நியாயமான கேள்விதான்.

தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுதி ஒருவரை முடித்துவைக்கக் கூடாது. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். வேண்டாம், பெயரை மட்டும் எழுது என்றேன்.

"குணரத்தினம் அவர்களின் அன்புச் சகோதரியும்" என்றே அச்சாகியிருக்கிறது.