காதில் இருந்த பழுப்பு முடி

அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை காலை. வெளியே தூறல். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நீல டை. வேலை பார்த்த பூட்டுத் தொழிற்சாலையை மூடிய பிறகு, பொம்மைக்கடையில் சூப்பர்வைசர் வேலை கிடைத்ததாக வீட்டில் சொல்லி இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

“பொத்தான் தொங்குது. கழட்டிக் குடுங்க, ரெண்டே நிமிஷம்” என்றாள் மனைவி. துணி தைத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. தொங்கும் பொத்தானோடு ஒருவர் தெருவில் போவது அவளுக்குக் கௌரவப் பிரச்சினை.

“வந்து பாத்துக்கலாம்” என்று படி இறங்கிவிட்டார்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தையல் மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தீவிர சிகிச்சைப் பிரிவில், உடம்பெல்லாம் ஒயரும் குழாயுமாக அவர் கிடந்தார். காய்ச்சல் நாற்பத்தொரு டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. பிரஷர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனால் கட்டிலைக் கடந்து போகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கையையும் தூக்கி டாட்டா காட்டினார். பெண்டாட்டிக்கும் காட்டினார், யாரென்று தெரியாமலே.

“ரத்தத்துல கிருமி பரவியிருக்கும்மா” என்றார் சின்ன டாக்டர். “காய்ச்சல், பிரஷர், இந்தக் குழப்பம், எல்லாம் அதைத்தான் சொல்லுது. எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தெரியலை.”

தேடினார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், கால் விரலிடுக்கில் டார்ச் அடித்தார்கள். கடைசியில் ஒரு சொத்தைப் பல்லைத்தான் கண்டுபிடித்தார்கள். பாவம், அது பத்து வருஷமாக யார் வம்புக்கும் போகாத பல். கிருமிக்கென்று ஏற்றிய மருந்துக்கும் காய்ச்சல் ஒரு புள்ளிகூட அசையவில்லை.

பெரிய டாக்டர் வந்தார். நோயாளியின் காதிலிருந்து இடுக்கியால் இரண்டு பழுப்பு முடிகளை எடுத்தார்.

“வீட்டுல ஆடு, மாடு, நாய் ஏதாவது உண்டா?”

“ஒரு பல்லி இருக்கு டாக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. விலங்குகளிடமிருந்து தொற்றும் கிருமிக்கென்று தனியாக ரத்தம் எடுக்கச் சொன்னார். முழு முடிவு வர ஆறு வாரமாம்.

“அதுவரைக்கும் தாங்குவாரா?”

பெரிய டாக்டர் முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவள் முடியை வாங்கி விரல்களுக்கிடையில் உருட்டினாள். வேர் இல்லை. நுனி கத்தரித்த மாதிரி நேராக இருந்தது. இந்தப் பளபளப்பை முடி வைத்த எத்தனை கோட்டுக் காலரில் அவள் தைத்திருப்பாள்!

“டாக்டர், இது முடியே இல்லை. நைலான்.”

“அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க.”

வெளியே பெஞ்சில் பொம்மைக்கடை வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான்.

“அண்ணே, இவர் கடையில என்ன பாக்குறார்?”

“சூப்பர்வைசர்.”

“எதை?”

“வாசலை.”

“நீங்க?”

“நானும் வாசல்தான் தங்கச்சி.”

“ஒரு வாசலுக்கு ரெண்டு பேரா?”

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். “சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். என்னை இழுக்காதே.”

“அவர் போயிட்டா அந்தச் சத்தியத்தை யாருக்காகக் காப்பாத்துவீங்க?”

அவர் எழுந்து விறுவிறுவென்று போய்விட்டார். கடை பக்கத்துத் தெருவில்தான். கால் மணி நேரத்தில், ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஆளுயரப் பழுப்புக் கரடி ஒன்று மூச்சிரைக்க ஏறி வந்தது. நர்சு மருந்துத் தட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். யாரோ ஒரு பெரியவர் மரியாதையாக நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார். கரடி நேரே வந்து அவள்முன் நின்று தலையைக் கழற்றியது. உள்ளே வாட்ச்மேன் முகம் வேர்த்து வழிந்தது.

“சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம். போட்டுக் காட்ட மாட்டேன்னு இல்லை.”

அவள் கரடியைக் கையோடு பெரிய டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் கரடித் தலைக்குள் கையை விட்டார். உடனே எடுத்துக்கொண்டார்.

“இதைப் போட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் இருந்தார்?”

“காலையிலேருந்து. இன்னைக்கு மூணு பிறந்தநாள் கூட்டம், ஆடிக்கிட்டே இருந்தான். உள்ள இருந்த குட்டி ஃபேன் போன மாசமே நின்னு போச்சு.”

“வெளியில மழை பெய்யுதேய்யா.”

“கரடிக்குள்ள பெய்யலையே டாக்டர். விழுந்ததும், சட்டையைப் போட்டு டையைக் கட்டிவிட்டுட்டுத்தான் ஆட்டோ பிடிச்சேன். அவன் கேட்டதே அது ஒண்ணுதான்.”

டாக்டர் அதற்குள் உள்ளே ஓடியிருந்தார். “கிருமி இல்லை, உடம்பு வெந்து போயிருக்கு. ஐஸ் கொண்டாங்க!”

ஐஸ் மூட்டைகள் கேன்டீனிலிருந்தும் கீழே ஜூஸ் கடையிலிருந்தும் வந்தன. ஈரத் துணி, நாலு பக்கமும் மின்விசிறி. ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் முப்பத்தொன்பதுக்கு இறங்கியது. சிறுநீரகம் மட்டும் நாலு நாள் முரண்டு பிடித்தது.

ஐந்தாம் நாள் அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். “கடையில சரக்கு சரிபார்க்கும்போது தலை சுத்தி...” என்று ஆரம்பித்தார்.

“சும்மா படுங்க. கரடியைப் பாத்துட்டேன்.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தே, “பிள்ளைங்க விடமாட்டாங்க, கையைப் பிடிச்சுக்குவாங்க” என்றார்.

“நல்லா ஆடுவீங்களாமே. வீட்டுல ஒரு நாள் ஆடினதுண்டா?”

அன்றே ஆஸ்பத்திரிப் படிவத்தை வாங்கி, ‘தொழில்’ என்ற இடத்தில் முதல் நாள் தான் எழுதிய ‘சூப்பர்வைசர்’ என்பதை அடித்துத் திருத்தினாள். அடுத்த வாரம் கரடி அவள் தையல் மேசைக்கு வந்தது. அக்குளிலும் முதுகிலும் வெட்டி வலைத்துணி வைத்தாள். புது ஃபேன் மாட்டினாள். அரைமணிக்கு ஒரு தடவை தலையைக் கழற்றும் பொறுப்பு வாட்ச்மேனுக்கு.

மூன்று மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார், டை இல்லாமல். அதற்கும் பிறகு, எல்லாரும் மறந்தே போன ஒரு நாள், அவள் போனுக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து செய்தி வந்தது:

“வயது: 42. தொழில்: கரடி. விலங்குத் தொடர்பு: உண்டு. ஆறு வாரம் வைத்துப் பார்த்ததில் கிருமி எதுவும் வளரவில்லை. தாமதத்துக்கு வருந்துகிறோம்.”