முருகேசரும் அர்ஜென்டும்

உரும்பிராயில் தண்ணீர் இறைக்கிற மிசின் எது நின்றாலும் முருகேசரைத்தான் கூப்பிட வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் என்ன? படித்த எஞ்சினியர்மார் கைவிட்ட மிசினுக்கும் காதால் கேட்டே நோய் சொல்லுவார். இன்றைக்கு அவர் இருக்கிற கல்வீடு அந்தக் காது கட்டிய வீடு.

அவருக்குப் பிடிக்காத ஒரே இங்கிலீசுச் சொல் அர்ஜென்ட். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிறவனும் போனில் அதைத்தான் சொல்லுவான். அவரும் எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: “உடனை வாறன்.” அந்த ‘உடனை’ பின்னேரம் வரைக்கும் நீளும்.

செவ்வாய்க்கிழமை காலை தர்சினி போன் எடுத்தாள். புருசன் செத்தபிறகு முதல்முறை தனியே வெங்காயம் நட்டவள்.

“மாமா, மிசின் தண்ணி இழுக்குதில்லை. அர்ஜென்ட்!”

“உடனை வாறன் பிள்ளை.”

புட்டுச் சாப்பிட்டார். பத்தரைக்குச் சந்தியில் தேத்தண்ணீர் குடிக்கையில் தர்சினியின் பக்கத்துத் தோட்டக்காரர் அருளம்பலம் வந்தார்.

“என்ன முருகேசண்ணை, ஆறுதலா இருக்கிறியள்?”

“நீயும் சும்மாதானே திரியிறாய்?”

“பன்ரண்டுக்குத்தான் என்ரை இறைப்பு முறை. அதுவரைக்கும் தர்சினியின்ரை முறை. பேந்து அவளுக்குச் சனிக்கிழமைதான்.”

பலர் முறை வைத்து இறைக்கிற பங்குக் கிணற்றில் முறை தவறினால் தவறினதுதான். நேற்று நட்ட வெங்காயம் சனி வரை இந்த வெயிலில் கிடந்தால் கருகிப்போகும். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

தர்சினி வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் மிசினை ஓடவிட்டுக் காது கொடுத்தார்.

“காத்து இழுக்குது.”

குழாய்கள் பொருந்துகிற பூட்டில் வெடிப்பு. சைக்கிள் ரியூப்பைக் கீறி இறுக்கிச் சுற்றினார். பதினொன்றேகாலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. ஆனாலும் பன்னிரண்டுக்குப் பாதிப் பாத்தி காய்ந்தே கிடந்தது. அருளம்பலம் மண்வெட்டியோடு வரம்பில் வந்து நின்றார்.

முருகேசர் ஆரிடமும் இறங்கிப் பேசாதவர். அன்று பேசினார்.

“அருளம்பலம், பிழை என்ரை. பிள்ளையை முடிக்க விடு.”

“உங்கடை வாயிலை பிழையோ!” அருளம்பலம் மண்வெட்டியைக் கீழே போட்டுச் சிரித்தார். “அதைக் கேட்டதுக்கே ரெண்டு மணித்தியாலம் தரலாம்.”

கடைசிப் பாத்தியும் நனைந்தபோது முருகேசர் வாய்க்காலில் காலை நனைத்தபடி பெருமூச்சு விட்டார். தர்சினி தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். போன் அடித்தது; வேறொரு தோட்டக்காரன்.

“அண்ணை, அர்ஜென்ட்!”

“அதை விடு. உன்ரை முறை எப்ப?”

“நாளைக்கு விடிய.”

“அப்ப இருட்ட முன்னம் வாறன்,” என்றுவிட்டுத் தேத்தண்ணீரை ஆறுதலாகக் குடித்து முடித்தார்.